நடுவில் ஒரு ஓட்டை

2010ஆம் ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகேஷி சகாகி, மகோடோ ஒகசாகி, யுதாகா மட்சுவோ என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ட்விட்டரில் எழுதும் ஒவ்வோர் ஆளையும் ஒரு நிலநடுக்கமானியாக வைத்துக்கொண்டால் என்ன என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கருவி என்று பார்த்தால் மனிதர் மிக மோசமான கருவி. தூங்கிவிடுவார், கிண்டல் செய்வார், இருக்கிற இடத்தைத் தப்பாகச் சொல்வார். 'நிலநடுக்கம்' என்ற சொல்லைத் தேடினால் "ஐயோ ஆடுது" என்பவரும் வருவார், "நிலநடுக்க மாநாட்டுக்கு வந்திருக்கிறேன்" என்பவரும் வருவார். இரண்டையும் பிரித்தறியக் கணினிக்கு முதலில் பழக்கினார்கள். பிறகு ஓடும் ரோபோ எங்கே நிற்கிறது என்று கணிக்கப் பயன்படும் அதே கணித முறைகளைக் கொண்டு, ட்வீட்கள் வந்த இடங்களிலிருந்து நடுக்கத்தின் மையத்தைக் கணித்தார்கள்.

முடிவு அவர்களையே வியக்கவைத்திருக்க வேண்டும். ஜப்பானிய அளவுகோலில் 3 அல்லது அதற்கு மேல் உணரப்பட்ட நடுக்கங்களில் 96 சதவீதத்தை இந்த ஏற்பாடு கண்டுபிடித்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மின்னஞ்சல் போனது. ஜப்பான் வானிலை முகமையின் அறிவிப்பு தொலைக்காட்சியில் வர அப்போது சராசரியாக ஆறு நிமிடம் ஆனது. (கருவிகள் தாமாகவே சில நொடிகளில் தரும் முன்னெச்சரிக்கை வேறு சங்கதி. அதோடு ட்வீட் போட்டிபோட முடியாது.)

இதில் மாயம் எதுவும் இல்லை. பூமிக்குள் ஓடும் குலுக்கல் அலை நொடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போகும். கண்ணாடியிழைக்குள் ஓடும் செய்திக்கு அந்த வேகம் ஒரு பொருட்டே அல்ல. 2011 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 அளவில் நிலம் நடுங்கியபோது, நியூயார்க்கில் சிலர் அந்தச் செய்தியைப் படித்து முடித்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி ஆடியது.

இதுவரை கேட்டால் கைப்பேசி வைத்திருக்கும் மக்கள் கூட்டம் பூமிக்கே நாடி பார்க்கும் மருத்துவர் ஆகிவிட்டது போலத் தோன்றும். அப்படித் தோன்றும்போது பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தில் பால் ஏர்ல் குழுவினர் ஐந்து மாத ட்வீட்களை எடுத்து இதே சோதனையைச் செய்தார்கள். உலகம் முழுக்க 48 நிலநடுக்கங்கள் அகப்பட்டன. பொய் எச்சரிக்கை இரண்டே இரண்டு. முக்கால்வாசி நடுக்கங்கள் இரண்டு நிமிடத்துக்குள்ளேயே பிடிபட்டன. நல்ல தேர்ச்சிதான். ஆனால் அதே ஐந்து மாதத்தில் ஆய்வகத்தின் பட்டியலில் ஏறிய நிலநடுக்கங்கள் 5,175. மிச்சமெல்லாம் எங்கே போயின? பல சிறியவை, பல கடலுக்கடியில் வந்தவை. அவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ட்விட்டர் பதிவு செய்தது நிலம் ஆடியதை அல்ல என்பது இங்கே தெளிவாகிறது. நிலம் ஆடி, அங்கே ஆள் இருந்து, அவர் கையில் கைப்பேசி இருந்து, அதில் சார்ஜ் இருந்து, பக்கத்தில் டவர் நின்று, அவருக்கு எழுத மனமும் ஒழிவும் இருந்தால்தான் அது பதிவாகும்.

இந்தச் சங்கிலி எங்கே முதலில் அறும்? அடி பலமாக விழுந்த இடத்தில். 1999 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் "நீங்கள் உணர்ந்தீர்களா?" என்று கேட்டு ஓர் இணையப் படிவம் நடத்துகிறது. நடுக்கத்தை உணர்ந்தவர்கள் வந்து நிரப்புவார்கள். பெரிய நடுக்கம் வந்தால் நிரப்பியவர்களின் ஊர்களைப் படத்தில் குறித்துப் பாருங்கள்: மெதுவடை போல இருக்கும். சுற்றிலும் பதில்கள் திரண்டிருக்கும், நடுவில் ஓட்டை. வீடு இடிந்தவர் படிவம் நிரப்ப மாட்டார். பாத்திரம் உருண்ட சத்தம் மட்டும் கேட்டவர் நிரப்புவார்.

கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஓட்டையை ஓர் இந்தியர் வேறு விதமாகத் தொட்டிருந்தார். 1934 ஜனவரி 15 பிற்பகல் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் முங்கேர், முசாஃபர்பூர் நகரங்கள் தரைமட்டமாயின. பத்தாயிரத்துக்கும் மேல் மாண்டார்கள். பாட்னாவில் ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அந்த நாட்களில் காதில் விழுந்த வதந்திகளையெல்லாம் எழுதிவைத்தார். கங்கை நீர் ஒரு கணம் மறைந்துபோய், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்களாம். குறிப்பிட்ட தேதியில் பெரும் புயல் வரப்போகிறதாம். சந்திர கிரகணத்தன்று இதைவிடப் பெரிய நடுக்கமாம். 1935இல் அவர் இவற்றைத் தொகுத்துப் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியிட்டார். (நடுக்கத்துக்குக் காரணம் கற்பிப்பதிலும் அப்போது குறைவில்லை. சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, திருநெல்வேலியில் பேசிய காந்தி அதைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்தார்.)

கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து இந்தக் கட்டுரை அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் கண்ணில் பட்டது. அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இந்த வதந்திகளைப் பேசியவர்கள் குலுக்கலை உணர்ந்தவர்கள். ஆனால் சேதம் பெரிதாக எதையும் பார்க்காதவர்கள். ஏற்கெனவே பயந்துபோனவர்கள் எதற்காக இன்னும் பயமுறுத்தும் கதையைத் தேடிப் போக வேண்டும்? எதிர்ப்பக்கத்தில் உளவியலாளர் துர்கானந்த் சின்ஹாவின் ஆய்வு இருந்தது. டார்ஜிலிங் பகுதியின் பெரும் நிலச்சரிவைப் பற்றி அவர் 1952இல் எழுதியது. கண்ணெதிரே வீடும் ஆளும் சரிந்துபோன அந்த இடத்தில், 'இதைவிடப் பெரிது வருகிறது' என்ற வகை வதந்தியே எழவில்லை.

ஃபெஸ்டிங்கர் சொன்ன விளக்கம் இது. உடம்பில் பயம் ஏறிவிட்டது, சுற்றிப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. மனசுக்கு இந்தப் பொருத்தமின்மை தாங்காது. எனவே பயத்துக்கு ஏற்ற கதை தேடும். இடிபாட்டின் நடுவே நிற்பவருக்கு அந்தத் தேவையே இல்லை; அவர் பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. 1957இல் அவர் வெளியிட்ட, உளவியலில் பெரும் பெயர் பெற்ற முரண்பாட்டுக் கொள்கை முளைத்தது இந்த இடத்தில்தான். வேறு வேறு ஊர்களில், வேறு வேறு பேரிடர்களில் நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்து இவ்வளவு பெரிய கட்டடம் எழுப்பலாமா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ஆனால் பேச்சு எங்கே பெருகுகிறது என்ற கவனிப்பு மட்டும் இன்றுவரை நிற்கிறது. பேரிடரின் நடுவே வேலை நடக்கிறது. பேச்சு பெருகுவது விளிம்பில்.

இப்போது 2015 டிசம்பர் 1 இரவுக்கு வருவோம். நவம்பர் முழுக்க ஊறிக் கிடந்த சென்னையில், ஏரிகள் நிரம்பி நின்ற வேளையில், அன்று ஒரே நாளில் தாம்பரம் வட்டாரத்தில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. முடிச்சூரும் மணப்பாக்கமும் கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் இருட்டில் மூழ்கின. மறுநாள் 'தி ஹிந்து' நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அந்த வெற்றிடத்தில் செய்தித்தாள் வேலையையும் கட்டுப்பாட்டு அறை வேலையையும் ட்விட்டரும் வாட்ஸ்அப்பும் பார்த்தன. 'சென்னைரெயின்ஸ்ஹெல்ப்' என்ற ஹேஷ்டேக்கில் ஒரு பக்கம் "எங்கள் வீட்டில் பத்துப் பேர் தங்கலாம்" என்று எழுதினார்கள், மறுபக்கம் "படகு வேண்டும்" என்று எழுதினார்கள். வெள்ளம் நிற்கும் தெருக்களை மக்களே குறிக்கும் இணைய வரைபடம் ஒன்றில் ஆயிரக்கணக்கான தெருக்கள் ஏறின.

அன்று சுற்றிய செய்திகளில் ஒரு வகையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். "அவசரம். இரண்டாவது குறுக்குத் தெரு. தரைத்தளம் மூழ்கிவிட்டது. மாடியில் கைக்குழந்தையோடு ஆறு பேர். தயவுசெய்து பகிரவும்." கீழே ஒரு கைப்பேசி எண். படித்தவுடன் கை தானாகப் பகிரும் பொத்தானுக்குப் போகும். ஆனால் படகோடு கிளம்புகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? எந்தப் பேட்டையின் இரண்டாவது குறுக்குத் தெரு என்று இல்லை. எழுதிய நேரம் இல்லை. எண்ணை அழைத்தால் பல சமயம் எடுப்பவர் மாடியில் இருப்பவர் அல்ல, பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் உறவினர். அவருக்கும் மாடியில் இருக்கும் அக்காவோடு பேசி ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. செய்தி அவரிடமிருந்து ஒருவருக்கு, அவரிடமிருந்து குடும்பக் குழுவுக்கு, அங்கிருந்து பள்ளித் தோழர் குழுவுக்கு என்று வெட்டி ஒட்டிப் போகிறது. வாட்ஸ்அப் ஒவ்வொரு கையிலும் அதற்கு அப்போதைய நேரத்தைப் புதிதாக முத்திரை குத்திவிடுகிறது. ஆறு பேரும் படகேறிக் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகும் செய்தி "அவசரம்" என்றே ஓடிக்கொண்டிருக்கும்.

அக்கறை இல்லாததால் வரும் கோளாறு அல்ல இது. உள்ளே போக முடியாத, சும்மாவும் இருக்க முடியாதவர்களின் அக்கறை. அந்த அக்கறை இல்லாவிட்டால் பல மாடிகளுக்குப் படகு போயிருக்காது என்பதும் உண்மை.

அதே நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருவதாக ஒரு புரளி கிளம்பியது. பண்ணை மறுத்தது. நாசாவே எச்சரித்துவிட்டது என்ற பெயரில் இன்னும் பெரிய மழைக்கணக்கு ஒன்றும் சுற்றியது. நாசாவின் பெயரை எடுத்துவிட்டால் 1934இன் கிரகணப் பூகம்பமே அது. முதலைக்கும் ஊர் ஊராக உறவுக்காரர்கள் உண்டு. 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோவில் நிலம் நடுங்கியதும், மிருகக்காட்சி சாலையிலிருந்து சிங்கம் தப்பியதாக ஒருவர் தெருவில் நிற்கும் சிங்கத்தின் படத்தைப் போட்டார். படம் தென்னாப்பிரிக்காவில் எடுத்தது. காட்சி சாலைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. படம் போட்டவர் ஜூலையில் கைதானார். ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் நெடுஞ்சாலை வெள்ளத்தில் நீந்துவதாகப் படத்தில் சுற்றிய சுறா அதற்கு ஆறு வருஷம் முன்பே போர்ட்டோ ரீக்கோவில் இதே வேஷம் கட்டியிருந்தது. பேரிடர் என்றாலே கூண்டு உடையும் என்று மனித மனம் எதிர்பார்க்கிறதோ என்னவோ.

வதந்தி என்றதும் கூட்டத்தையே குற்றம் சொல்வது வழக்கம். இரண்டு உதாரணங்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2010 பிப்ரவரி 27 சிலி நிலநடுக்கத்துக்குப் பின் ஓடிய ட்வீட்களை மெண்டோசா, போப்லெட்டே, காஸ்டியோ என்ற மூவர் ஆராய்ந்தார்கள். உண்மையென்று பிறகு உறுதியான செய்திகளை மறுத்துப் பேசியவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. பொய்யென்று தெரியவந்த செய்திகளிலோ, பேசியவர்களில் பாதிப் பேர் அப்போதே மறுத்திருந்தார்கள். கூட்டத்துக்குச் சந்தேகிக்கத் தெரிகிறது. இரண்டாவது, நம் கடற்கரையிலேயே நடந்தது. சுனாமி அடித்த நான்காம் நாள், 2004 டிசம்பர் 30. இன்னொரு சுனாமி வரலாம் என்று எச்சரிக்கை பரவி, பிணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த எச்சரிக்கையை விட்டது மத்திய உள்துறை அமைச்சகம். அதற்கு ஆதாரம், அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன கணிப்பு. அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அதை வெறும் பிதற்றல் என்று தள்ளினார். அப்போது வாட்ஸ்அப்பும் இல்லை, ட்விட்டரும் இல்லை.

விளிம்பின் சத்தத்தை நடுவின் சத்தம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் ஒரு பாடம். 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் வந்தபோது, அக்டோபர் 27 முதல் நவம்பர் 1 வரை இரண்டு கோடிக்கு மேல் ட்வீட்கள் எழுதப்பட்டன. அவற்றில் அதிகம் வந்தது மன்ஹாட்டனிலிருந்து. அதை மட்டும் பார்த்தால் புயலின் மையம் மன்ஹாட்டன் என்றே தோன்றும். வீடுகள் எரிந்த பிரீஸி பாயிண்டிலிருந்தும், கடல் புகுந்த கோனி ஐலண்ட், ராக்அவே பகுதிகளிலிருந்தும் வந்தவை சொற்பம். சமூக ஊடகத் தரவை ஆராயும் கேட் கிராஃபர்ட் இதை 2013லேயே சுட்டிக்காட்டினார். மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்த பிறகு அங்கிருந்து எப்படி எழுதுவார்கள்?

ஆனால் விஷயம் இவ்வளவு நேர்கோடாகவும் இல்லை. இதே சாண்டியை எடுத்துக்கொண்டு, 50 பெருநகரப் பகுதிகளின் ட்வீட்களை மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. மொத்தக் கணக்கை விட்டுவிட்டு தலைக்கு எத்தனை என்று பார்த்தால், அதிலும் புயல் கடந்த பிறகு வந்தவற்றைப் பார்த்தால், பேச்சும் சேதமும் ஓரளவு சேர்ந்தே நகர்ந்தன. ஆக, ட்வீட் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. எத்தனை பேர் இருக்கிற இடத்தில் எத்தனை பேர் பேசினார்கள், எப்போது பேசினார்கள் என்ற இரண்டும் தெரியாமல் வெறும் ஓசையை அளந்தால் மன்ஹாட்டன்தான் மூழ்கும்.

நமக்கு இதற்கு அருகிலுள்ள உதாரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. முந்தின நாளே ஃபோன்களுக்கு எச்சரிக்கை போயிருந்தது, மக்கள் முகாம்களுக்கு நகர்த்தப்பட்டிருந்தார்கள். காலையில் சென்னையில் கண் விழித்துக் கைப்பேசியைப் பார்த்தவர்களுக்குப் பெரிய ஆபத்து தாண்டிவிட்டது போலத்தான் இருந்தது. முன்னேற்பாடு நன்றாக இருந்ததென்று எதிர்க்கட்சித் தலைவர்களே அன்று பாராட்டினார்கள். பாராட்டில் பொய்யும் இல்லை. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமிருந்து சத்தமே வரவில்லை. வரும் வழியும் இல்லை. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. டவர்கள் சாய்ந்தன, சாயாதவை டீசல் தீர்ந்து நின்றன. தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகப் படுத்துப் பாதைகளை அடைத்திருந்தன. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அதே வண்டியில் ஊர்க்காரர்களின் கைப்பேசிகளுக்கும் சார்ஜ் போட்டார்கள். சார்ஜ் ஏறினாலும் சிக்னல் கிடையாது.

மறுநாளே புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அதிகாரிகளின் வாகனங்கள் எரிக்கப்பட்டன. சென்னையில் படித்தவர்களுக்கு அது வியப்பு: முந்தின நாள்தான் எல்லாம் நன்றாக முடிந்தது என்றார்களே? தோப்புகள் படுத்துக் கிடக்கும் படங்கள் கைப்பேசிகளுக்கு வந்துசேர மேலும் சில நாட்கள் பிடித்தன. சென்னை வெள்ளத்தை முதல் மணியிலிருந்தே நாடு முழுக்கப் பார்த்தது. மென்பொருள் நிறுவனங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் ஆங்கிலத்தில் எழுதும் ஆட்களும் இருக்கும் நகரம் அது. சென்னைக்குள்ளும் ஆற்றோரக் குடிசைகளைவிட அடுக்குமாடிகளே அதிகம் எழுதின என்று சொல்வதற்குத் தனி ஆய்வு வேண்டியதில்லை.

அப்படியானால் ஓட்டையையே அளக்க முடியாதா என்று கேட்டவர்கள் உண்டு. பாரிஸ் அருகே இயங்கும் ஐரோப்பிய மத்தியதரைக்கடல் நிலநடுக்க மையத்தில் ரெமி போசு என்பவரின் குழு ஒன்றைக் கவனித்தது. ஓரிடத்தில் நிலம் நடுங்கினால் அடுத்த நிமிடமே அந்த ஊர்க்காரர்கள் என்ன ஆயிற்று என்று பார்க்க மையத்தின் இணையதளத்துக்குத் திரண்டு வருகிறார்கள். ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை, வந்தாலே போதும். இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. ஏற்கெனவே தளத்தில் இருந்தவர்களின் இணைப்புகள் ஒரே ஊரில் ஒரே நொடியில் பட்டென்று அறுந்தால், அங்கே மின்சாரமோ கம்பியோ போயிருக்கிறது, சேதம் இருக்கலாம் என்று கணக்கிடலாம். ஃபேஸ்புக்கும் 2017இலிருந்து பேரிடர்ப் பகுதிகளில் எங்கே ஆட்கள் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறார்கள், எங்கே இணைப்பு இல்லை என்று காட்டும் வரைபடங்களை நிவாரண அமைப்புகளுக்குத் தருகிறது. தனிமனிதர் நடமாட்டத்தை ஒரு நிறுவனம் இவ்வளவு துல்லியமாகப் பார்ப்பது நல்லதா என்ற கேள்வி தனி அத்தியாயத்துக்கு உரியது.

இதைவிட எளிய வழியும் உண்டு. எத்தனை டவர் செத்துக் கிடக்கிறது என்ற பட்டியல். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் புயல் நாட்களில் இதைத் தினமும் வெளியிடுகிறது. 2017 செப்டம்பர் 20இல் மரியா புயல் போர்ட்டோ ரீக்கோவைக் கடந்த மறுநாள் அந்தப் பட்டியலில் இருந்த எண் 95 சதவீதம். ஒரு தீவே பேச்சிழந்துவிட்டது. அங்கே இறந்தவர்கள் என்று அரசு நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு 64. மின்சாரமில்லாமல் நின்ற டயாலிசிஸ், கெட்டுப்போன இன்சுலின், வராத ஆம்புலன்ஸ் என்று அடுத்த மாதங்களில் போன உயிர்களையும் சேர்த்து ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் மதிப்பிட்டது 2,975. அரசு அதை ஏற்றுக்கொண்டது 2018 ஆகஸ்டில்.

கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவர் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: எங்கிருந்து உதவிக் குரல் வருகிறது, எங்கே டவர் இறந்திருக்கிறது. இரண்டாவதில் இருந்து முதலாவதில் இல்லாத ஊருக்கு, யாரும் கூப்பிடாமலே, முதல் வண்டி போக வேண்டும்.

மீதிப் பாதி, விளிம்பில் இருப்பவர்களின் வேலை. 2018 ஆகஸ்டு கேரள வெள்ளத்தின்போது 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையதளத்தை மென்பொருள் தெரிந்த தன்னார்வலர்கள் அரசோடு சேர்ந்து நடத்தினார்கள். கோரிக்கைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் தம் பெற்றோருக்காகப் பதிந்தவை ஏராளம். அங்கே அதிக நேரம் தின்றது புதிய கோரிக்கை அல்ல, பழையது. ஒவ்வோர் எண்ணையும் திரும்ப அழைத்து, "இப்போதும் அங்கேதான் இருக்கிறார்களா? எந்த மாடி? பக்கத்தில் கோயிலோ பள்ளியோ உண்டா? கடைசியாக எத்தனை மணிக்குப் பேசினீர்கள்?" என்று கேட்டு, மீட்டாயிற்று என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பட்டியலிலிருந்து எடுத்தாலும் வாட்ஸ்அப்பிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு அந்தச் செய்தியை முதலில் அனுப்பியவரே "மீட்டுவிட்டார்கள், இனி பகிர வேண்டாம்" என்று நேரத்தோடு இன்னொன்று அனுப்பி, அது தன் முன்னோடி போன எல்லாக் குழுக்களுக்கும் போய்ச்சேர வேண்டும். அந்த இரண்டாவது செய்தியைப் பகிர முதலாவதைப் பகிர்ந்ததில் பத்தில் ஒரு பங்கு விரல்கூட நீளாது என்று எந்தத் தன்னார்வலரைக் கேட்டாலும் சொல்வார்.